ஒரே ஒரு தொட்டிக்கு இடமென்றால் கறிவேப்பிலை வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தோட்டம் பற்றி வரும் குறிப்புகள் பெரும்பாலும் தக்காளி, மிளகாய், வெண்டை, கத்தரி, கீரை என்று ஒரே மூச்சில் பத்துச் செடிகளைச் சொல்லிவிடுகின்றன. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வாசகர்களில் பலருக்கு இருப்பதோ அடுக்குமாடி வீட்டின் நாலடி பால்கனி, அல்லது கார் நின்றால் மிச்சம் எதுவும் இல்லாத தெரஸ் வீட்டு முன்வாசல். அங்கே பத்துச் செடி வைத்தால் பத்தும் நோஞ்சானாகத்தான் நிற்கும். ஒரு தொட்டிக்குத்தான் இடம், ஒரு செடியைத்தான் கவனிக்க முடியும் என்கிறவர்கள் எதை வைப்பது? எங்கள் பதில் கறிவேப்பிலை. அதிலும் காம்பு சிவந்து, இலை சிறுத்து, வாசம் தூக்கலாக இருக்கும் வகை. ஏன் என்பதையும், பல வீடுகளில் அது ஏன் வெறும் குச்சியாக நின்று பட்டுப்போகிறது என்பதையும் விரிவாக எழுத இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஒற்றைச் செடியைத் தேர்ந்தெடுக்கும்போது "இங்கே என்ன வளரும்?" என்று கேட்பதைவிட "தினமும் எதைப் பறிப்போம்?" என்று கேட்பது நல்லது. ஒரு தொட்டிக் கீரை மூன்று நான்கு வாரம் காத்திருந்து ஒரு வேளைக் கூட்டுக்கு ஆகும். அதோடு தொட்டி காலி. கறிவேப்பிலை அப்படியில்லை. தாளிப்புக்கு ஒரு கொத்து, ரசத்துக்கு ஒரு கொத்து என்று நாள்தோறும் கை வைக்கலாம். ஒழுங்காக நுனி வெட்டிக் கவாத்து செய்தால் பத்து ஆண்டுக்கு மேல் அதே தொட்டியில் நிற்கும். பசாரில் வாங்கும் கட்டு மூன்றாம் நாளே கறுக்கிறது. அதைவிடக் கவலைப்பட வேண்டியது பூச்சி மருந்து. இந்த இலையைத் தோலுரிக்க முடியாது, பூச்சி விழும் தளிரைத்தான் சமையலுக்குப் பறிக்கிறோம். அதனால் பெரிய அளவில் பயிரிடுவோர் அடிக்கடி மருந்தடிக்கிறார்கள். இந்தியக் கறிவேப்பிலையில் மருந்து எச்சம் இருந்ததால் ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு எல்லையிலேயே கூடுதல் சோதனை வைத்தது. தன் கண்முன் வளர்ந்த இலை என்ற நிம்மதி வேறு எந்தச் செடியிலும் இவ்வளவு பயன் தராது.

மற்றச் செடிகளை ஏன் தள்ளுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். தக்காளிக்கு இரவுக் குளிர்ச்சி வேண்டும். இரவில் 15 முதல் 20 டிகிரி வரை இறங்கினால்தான் பூ நன்றாகப் பிஞ்சு பிடிக்கும். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இரவு வெப்பம் 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அதனால்தான் நம் நாட்டுத் தக்காளி கேமரன் மலையிலிருந்து வருகிறது. தாழ்நிலத்துக்கென்று உருவாக்கிய ரகங்கள் உண்டு. ஆனாலும் மண்ணிலிருக்கும் வாடல் நோய்க் கிருமி காய்க்கும் பருவத்தில் ஒரே நாளில் செடியைத் தொங்கவிட்டுவிடும், இலை பச்சையாக இருக்கும்போதே. மிளகாய் பரவாயில்லை. சிலி பாடி என்னும் சின்ன மிளகாய் இரண்டு ஆண்டு கூட நிற்கும். ஆனால் அசுவினி, இலைப்பேன், வெள்ளை ஈ இவற்றால் இலை சுருளாத மிளகாய்ச் செடியைப் பார்ப்பது கடினம், சுருண்டபின் அதை மீட்பதும் கடினம். கொத்தமல்லி இந்தச் சூட்டில் இலை விடுவதற்குள் பூத்துவிடும்.

முருங்கை பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் முதலில் ஆசைப்படுவது அதற்குத்தான். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 விதை ஆறு மாதத்தில் காய்க்கும் என்று கேட்டு வாங்குகிறார்கள். நல்ல ரகம்தான், ஆனால் அது காய்ந்த பூமிக்கான ரகம். விடாமல் மழை பெய்தால் பூ கொட்டும். ஒரே ஆண்டில் மூன்று மீட்டருக்கு மேல் போகும், கிளை முருங்கைக்கே உரிய விதத்தில் சடக்கென்று முறியும். பக்கத்து வீட்டுக் காரின் மேல் விழுந்தால் அது வேறு வம்பு. தரையில் இடமுள்ளவர்கள் கீரைக்காக வைக்கலாம். தொட்டிக்கு அது ஆகாது.

எலுமிச்சையும் லீமாவ் கஸ்தூரி என்னும் சிறு எலுமிச்சையும் தொட்டியில் அழகாக வரும். ஆனால் அவற்றைக் கறிவேப்பிலையோடு சேர்த்து வைக்கக் கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

இனி வெயில். செடி வாங்குமுன் பார்க்க வேண்டியது இதுதான், பலர் கடைசியாகப் பார்ப்பதும் இதுதான். கறிவேப்பிலைக்கு நேர் வெயில் நாளுக்கு ஐந்து மணி நேரம் வேண்டும். நான்கு மணி நேரத்தில் சமாளிக்கும், ஆனால் இலை மெலிந்து வாசம் குறையும். நம் ஊரில் கடிகாரம் சூரியனுக்கு முந்தி ஓடுகிறது. சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஏறக்குறைய ஒன்றே கால் மணிக்கு. ஆகவே கிழக்குப் பார்த்த பால்கனியில் எட்டு மணிக்கு விழத் தொடங்கும் வெயில், மேலே கூரை குறுக்கிடாவிட்டால் ஒரு மணி வரை இருக்கும். அது கறிவேப்பிலைக்கு மிகவும் ஏற்றது. மேற்குப் பால்கனியும் ஆகும், ஆனால் சுவரின் சூடு சேர்ந்துகொள்வதால் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும்.

வடக்கும் தெற்கும்தான் ஏமாற்றும். நாம் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருக்கிறோம். ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் முதல் வாரம் வரை பினாங்கில் உச்சிச் சூரியன் வடக்குச் சாய்வில் போகும், மற்ற மாதங்களில் தெற்குச் சாய்வில். கோலாலம்பூரில் இந்த மாற்றம் மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் நடக்கும். அதனால் வடக்குப் பால்கனியில் ஜூன் மாதத்தில் வெயிலைப் பார்த்து மகிழ்ந்து செடி வைத்தவர், டிசம்பரில் ஒரு கீற்று வெயில்கூட இல்லாமல் இலை மஞ்சளாகி உதிர்வதைப் பார்ப்பார். உரம் குறைவு என்று நினைத்து உரத்தை அள்ளிப் போடுவார். செடி சாகும். தொட்டியை இடம் மாற்ற வழியிருந்தால் மட்டும் வடக்கு, தெற்குப் பால்கனிகளில் இதை வையுங்கள். நேர் வெயில் மூன்று மணி நேரம்கூட இல்லாத வீட்டுக்கு வெற்றிலைக் கொடியோ பாண்டானோ நல்லது. நிழலை விரும்பும் செடியை நிழலில் வைப்பதில் குறைவொன்றும் இல்லை.

இனி வகை. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் மாவட்டத்துக் காரமடைப் பக்கம் செங்காம்பு என்று ஒரு வகை வயல் வயலாகப் பயிராகிறது. கர்நாடகத்தில் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் டி.டபிள்யூ.டி. 1, டி.டபிள்யூ.டி. 2 என்று இரண்டு ரகங்களை வெளியிட்டது. நம் ஊர் நாற்றுக் கடைகளில் இப்படி எந்தப் பெயரும் எழுதியிருக்காது. பிளாஸ்டிக் பையில் "போக்கோக் காரி" (கறிச்செடி) என்ற அட்டை மட்டும் இருக்கும். ஆகவே கண்ணையும் மூக்கையும்தான் நம்ப வேண்டும். சிற்றிலைகள் கோத்திருக்கும் நடு ஈர்க்கைப் பாருங்கள். சிவப்போ ஊதாச் சாயலோ ஓடியிருந்தால் நல்லது. சிற்றிலை சிறியதாக, கரும்பச்சையாக இருக்க வேண்டும். ஒரே ஒரு சிற்றிலையைக் கிள்ளிக் கசக்குங்கள். வாசம் உடனே மூக்கில் ஏற வேண்டும். இரண்டு மூன்று நொடி தேட வைத்தால் அந்தச் செடி வேண்டாம். அகன்ற, வெளிர்பச்சை இலையுள்ள குட்டை வகை ஒன்று உண்டு. தளதளவென்று பார்வைக்கு அழகாக இருக்கும். ஒற்றைச் செடியாக அதை வைத்தால் ஒவ்வொரு தாளிப்பிலும் ஏமாற்றம்தான்.

வாங்கும்போது நடக்கும் இரண்டு தவறுகள். முதலாவது, கெமுனிங் செடியைக் கறிவேப்பிலை என்று வாங்கிவிடுவது. இலையைத் தூரத்தில் பார்த்தால் ஒன்றுபோல் தெரியும், வெள்ளைப் பூவும் ஒத்திருக்கும். எண்ணிப் பார்த்தால் குழப்பம் தீரும். கெமுனிங் இலையில் சிற்றிலைகள் மூன்று முதல் ஏழு வரை. கறிவேப்பிலையில் பதினொன்றுக்கு மேல், இருபது வரை. இரண்டாவது, ஒரே பையில் நான்கைந்து நாற்று நெருக்கமாக நிற்பதை "புதர்போல் இருக்கிறதே" என்று விரும்பி வாங்குவது. அவை ஒன்றோடொன்று போட்டி போட்டு எல்லாமே மெலிந்துவிடும். தடித்த தண்டுள்ள ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை மண்மட்டத்தில் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் வைத்துக்கொள்ளும் செடியின் வேரும் அறுபடும்.

விதைக் கன்றா, வேர்க் கன்றா என்று கேட்பதும் நல்லது. தாய்ச்செடியின் வேரிலிருந்து முளைக்கும் பக்கக் கன்று அச்சாகத் தாயைப் போலவே இருக்கும், விதைக் கன்று மாறலாம். அண்டை வீட்டில் நல்ல வாசமுள்ள செடி தரையில் இருந்தால் மழைக் காலத்தில் அதன் பக்கக் கன்று ஒன்றைக் கேட்டு வாங்குவது கடையில் வாங்குவதைவிடச் சிறந்தது. மண்வெட்டியை நேராக இறக்கித் தாய் வேரோடு உள்ள தொடர்பை மட்டும் அறுத்துவிட்டு, மூன்று வாரம் அங்கேயே விட்டு, பிறகு வேர் மண்ணோடு எடுக்க வேண்டும். அன்றே பிடுங்கி எடுத்தால் வாடிவிடும். கிளையை வெட்டி நட்டால் வேர் பிடிப்பது அபூர்வம். ஊருக்குப் போய் வரும்போது செங்காம்பு நாற்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவது சட்டப்படி குற்றம். 1976ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி இறக்குமதி அனுமதி இல்லாமல் எந்தச் செடியையும் கொண்டுவர முடியாது. இந்தச் செடியில் ஒட்டிக்கொண்டு வரக்கூடிய பூச்சியை நினைத்தால் அந்தக் கண்டிப்பு சரியானதே.

தொட்டியும் மண்ணும். ஆறு அங்குலப் பையில் வாங்கிய நாற்றை நேராகப் பதினாறு அங்குலத் தொட்டியில் வைக்காதீர்கள். சின்ன வேர் அவ்வளவு மண்ணின் ஈரத்தையும் உறிஞ்ச முடியாது. மண் நாள்கணக்கில் சொதசொதவென்று இருந்து வேர் அழுகும். முதலில் பத்து அங்குலத் தொட்டி, எட்டு பத்து மாதம் கழித்துப் பதினாறு அங்குலம். மண்கலவைக்கு நாற்றுத் தொழிலில் எல்லாரும் சொல்வது 3:2:1 கணக்கு. மண் மூன்று பங்கு, மக்கிய உரம் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு. பதினாறு அங்குலத் தொட்டிக்கு ஐந்து லிட்டர் வாளியால் மூன்று வாளி மண், ஒரு வாளி மக்கிய இலையுரம், ஒரு வாளி நன்றாக மக்கிய ஆட்டுப் புழுக்கை, ஒரு வாளி மணல் போதும். உயர்ந்த மாடி பால்கனியில் வைப்பவர்கள் மண்ணில் ஒரு வாளியைக் குறைத்து அதற்குச் சுட்ட உமி சேர்த்தால் எடை குறையும். குறைத்தாலும் நனைந்த தொட்டியை ஒருவர் தூக்க முடியாது. எங்கே நிற்கப் போகிறதோ அங்கேயே வைத்து நிரப்புங்கள்.

நம் செம்மண் புளிப்பு மண், அதாவது அமிலத்தன்மை உள்ளது. கறிவேப்பிலை இலேசான புளிப்பைத் தாங்கும். மிகுந்த புளிப்பில் உரம் போட்டாலும் எடுத்துக்கொள்ளாது. மேலே சொன்ன அளவுக் கலவைக்கு மூன்று மேசைக்கரண்டி ஜி.எம்.எல். சுண்ணாம்புத் தூள் சேர்த்துக் கலந்து, நனைத்து, இரண்டு வாரம் ஆறவிட்டு நடுங்கள். இதில் மக்னீசியமும் இருப்பதால் இலை பச்சை பிடிக்கும். சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒரே நாளில் கலக்கக் கூடாது. எருவிலுள்ள தழைச்சத்து அம்மோனியா வாயுவாகிக் காற்றில் போய்விடும், அந்த நெடி வேரையும் பொசுக்கும்.

நடுவது மாலையில். பையைக் கிழித்தெடுங்கள், உருவாதீர்கள். பையில் மண் எந்த மட்டத்தில் தண்டைத் தொட்டதோ தொட்டியிலும் அதே மட்டம். தண்டில் இரண்டு அங்குலம் மண்ணை ஏற்றி "உறுதியாக நிற்கட்டும்" என்று அமுக்குவதால்தான் பல நாற்றுகள் கழுத்தழுகிச் சாகின்றன. பத்து நாள் நிழலில் வைத்துப் பிறகு வெயிலுக்கு. அதன்பின் ஆறு மாதம் செடி அசையாமல் நிற்பதுபோல் தெரியும். இந்தக் காலத்தில் அது வேர் ஓட்டிக்கொண்டிருக்கிறது. பொறுமை இழந்து இடம் மாற்றுவதும், உரத்தை இரட்டிப்பதும், தோண்டி வேரைப் பார்ப்பதும்தான் கறிவேப்பிலையை அதிகமாகக் கொல்கின்றன. பூச்சியால் சாவது குறைவு.

தண்ணீருக்கு நேரக் கணக்கு வேண்டாம், விரலே போதும். ஆள்காட்டி விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். உலர்ந்திருந்தால் அடித்துளை வழியாக நீர் ஒழுகும் வரை ஊற்றுங்கள். தினம் ஒரு கோப்பை என்று மேலாக ஊற்றினால் மேல்மண் ஈரமாகவும் அடிமண் காய்ந்தும் கிடக்கும். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் பெரிய தொட்டிக்குத் தினமும் கேட்கும். கோலாலம்பூரில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை மழை தினமும் நனைத்தால் பல நாள் ஊற்றவே வேண்டியிருக்காது. நீர் கூடினாலும் குறைந்தாலும் இலை தொங்கும், அதனால்தான் குழப்பம். நீர் குறைந்த செடியில் இலை மொறமொறவென்று இருக்கும், தொட்டி இலேசாக இருக்கும். நீர் கூடிய செடியில் இலை மஞ்சளாகித் தொட்டவுடன் உதிரும், மண்ணில் அழுகல் வாடை வரும். இரண்டாவது நிலைக்கு மேலும் நீர் ஊற்றுவது விஷம் ஊற்றுவதற்குச் சமம்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கவே வேண்டாம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போதும், ஒரு கரண்டி நீர் போதும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி வீட்டில் கொசுப் புழு இருந்தால் தண்டத் தொகை விதிக்கலாம். மூன்று செங்கல் துண்டின்மேல் தொட்டியை நிறுத்துங்கள். கீழ்வீட்டுக்கு நீர் சொட்டுமென்றால் தட்டில் சின்னக் கல் நிரப்பாதீர்கள், கல்லிடுக்கிலும் முட்டை தங்கும். ஊற்றிய அரை மணி நேரத்தில் தட்டைக் கவிழ்ப்பதுதான் வழி.

இனிக் கவாத்து. வளமான செடியும் குச்சியான செடியும் பிரிவது இங்கேதான். செடியின் நுனி மொட்டு கீழுள்ள பக்க மொட்டுகளை உறங்க வைத்திருக்கிறது. நுனியை வெட்டாதவரை அது ஒற்றைக் கொம்பாகத்தான் ஏறும். பெரும்பாலான வீடுகளில் நுனிக்குக் கை வைக்க மனமில்லாமல் அடியிலுள்ள இலைகளை உருவி உருவி எடுக்கிறார்கள். ஓர் ஆண்டில் தென்னங்கன்றுபோல் உச்சியில் மட்டும் குடுமி நிற்கும். செய்ய வேண்டியது நேர்மாறானது. செடி 45 சென்டிமீட்டர் வந்ததும் 30 சென்டிமீட்டரில் நுனியை வெட்டுங்கள். ஒரு கணுவுக்குச் சற்று மேலே, கூரான கத்தரியால், சாய்வாக. மூன்று நான்கு வாரத்தில் இரண்டு மூன்று கிளை வெடிக்கும். ஒவ்வொன்றும் ஒரு சாண் வந்ததும் அதன் நுனியையும் கிள்ளுங்கள். சமையலுக்கு எடுப்பதே கவாத்தாகிவிட வேண்டும். அதாவது இலையை உருவாமல், கிளை நுனியை இரண்டு மூன்று கொத்தோடு வெட்டி எடுப்பது. ஒரு தடவையில் மொத்த இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. விசேஷத்துக்குத் தேவை அதிகமென்றால் கடையில் வாங்குங்கள், செடியை மொட்டையடிக்காதீர்கள்.

ஏற்கெனவே குடுமியாகிப் போன செடியையும் மீட்கலாம். பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. மழை தொடங்கும் மாதத்தில் முழங்கால் உயரத்தில் துணிந்து வெட்டுங்கள். இலையே இல்லாத கட்டை ஒரு மாதம் சும்மா நிற்கும். இலையில்லாத செடி நீர் குடிக்காது. அந்த மாதம் நீரைப் பாதியாகக் குறைத்து உரத்தை நிறுத்திவிட வேண்டும்.

பூங்கொத்து எப்போதும் கிளை நுனியில்தான் வரும், வந்தால் அந்தக் கிளை அதோடு நின்றுவிடும். மொட்டாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். விதை வேண்டுமானால் ஒரு கொத்தை மட்டும் விட்டுவைக்கலாம். கறுத்துப் பழுத்ததும் சதையைக் கழுவி அந்த வாரமே விதைக்க வேண்டும். காய வைத்துச் சேமித்த விதை முளைக்காது.

உரத்துக்கு, பாஜா ஹிஜாவ் என்று விற்கும் 15:15:15 பச்சை உரம் பதினாறு அங்குலத் தொட்டிக்கு மாதம் இரண்டு தேக்கரண்டி, தண்டிலிருந்து ஒரு கையகலம் தள்ளி, ஈர மண்ணில். காய்ந்த மண்ணில் போட்டால் இலை ஓரம் கருகும். நீல நிற உரம் காய்கனிக்கானது. இலைக்காக வளர்க்கும் செடிக்கு அது வீண். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி ஆட்டுப் புழுக்கை. உரம் கூடினால் இலை பெருத்து மென்மையாகும், வாசம் குறையும், பூச்சியும் அந்த மென்தளிருக்குத்தான் முதலில் வரும். கீழிலைகள் முழுதாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. கீழிலையில் நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியக் குறைவு. மழை மிகுந்த நம் ஊர்த் தொட்டிகளில் இது சகஜம். எப்சம் உப்பு ஒரு மேசைக்கரண்டியை ஐந்து லிட்டர் நீரில் கரைத்து ஊற்றினால் புது இலை சரியாக வரும்.

புளித்த மோர் ஊற்றுவது பற்றிப் பலர் கேட்பார்கள். பாட்டிமார் சொன்னது பொய்யல்ல. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் மண் சுண்ணாம்புத் தன்மையுள்ளது. அதில் இரும்புச்சத்து இருந்தும் செடிக்கு எட்டாது. மோரின் புளிப்பு அதைக் கொஞ்சம் இளக்கிக் கொடுக்கும். இங்கே மண்ணே புளிப்பு என்பதால் அந்த வேலை இல்லை. ஊற்றினால் எறும்பும் வாடையும்தான் மிச்சம். ஆசைக்கு ஊற்றுவதானால் ஒரு பங்கு மோருக்குப் பத்துப் பங்கு நீர், மாதம் ஒருமுறை, உப்புப் போடாத மோர்.

பூச்சிகளில் முக்கியமானது ஒன்றே: எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகளைத் தாக்கும் சாறுண்ணி. கறிவேப்பிலையும் அந்தக் குடும்பம்தான். எள்ளளவே இருக்கும் பழுப்புப் பூச்சி, தலையைத் தளிரில் குத்தி வாலைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்திருக்கும். அந்த இருப்பை வைத்தே அடையாளம் காணலாம். அதன் குஞ்சுகள் மஞ்சளாக, வெள்ளை மெழுகு நூல் விட்டபடி தளிரிடுக்கில் இருக்கும். தளிர் முறுக்கிக்கொள்ளும். எலுமிச்சை வகைகளைக் கொல்லும் கிரீனிங் நோயைப் பரப்புவது இதே பூச்சிதான். கறிவேப்பிலை அந்த நோயால் சாவதில்லை, ஆனால் பூச்சிக்குச் சோறு போட்டு வளர்க்கிறது. சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய ஆரஞ்சுத் தொட்டியை அது முடிந்தபின்னும் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் பூச்சி இரண்டுக்கும் மாறி மாறிப் போகும். எலுமிச்சை வகைதான் முதலில் பட்டுப்போகும். ஒரே வீட்டில் இரண்டையும் வைக்கக் கூடாது என்றது இதனால்தான்.

மருந்துக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. முறுக்கிய தளிர்களை வெட்டிப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தொட்டியருகே எறிந்தால் திரும்ப ஏறும். ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயையும் ஐந்து மில்லி பாத்திரம் கழுவும் சோப்பையும் நன்றாகக் குலுக்கி, சூரியன் சாய்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். ஆறு நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. ஒரு தடவையோடு விட்டால் முட்டையிலிருந்து வந்தவை மீண்டும் பெருகும். பகல் வெயிலில் அடித்தால் எண்ணெய் இலையைப் பொசுக்கும். எறும்பு தண்டில் வரிசையாக ஏறினால் அங்கே சாறுண்ணியோ செதில் பூச்சியோ இருக்கிறது என்று பொருள். அவை கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கும். தண்டைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி அதன்மேல் வாசலின் தடவினால் எறும்பு நின்றுவிடும்.

பறவை எச்சம்போல் கறுப்பும் வெள்ளையுமாக இலைமேல் ஒட்டியிருப்பது எச்சமல்ல, வண்ணத்துப்பூச்சியின் புழு. பெரிதானதும் பச்சையாகும், தொட்டால் தலையிலிருந்து செந்நிறக் கொம்பு நீட்டி நெடி விடும். சின்னச் செடியை இரண்டு புழு இரண்டு நாளில் மொட்டையாக்கிவிடும். கையால் எடுத்துவிட்டால் போதும். பெரிய செடியாக இருந்தால் ஒன்றிரண்டை விட்டுவைக்கலாம், பிள்ளைகள் பார்க்கட்டும்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேர் தொட்டியைச் சுற்றிக்கொள்ளும். ஊற்றிய நீர் உடனே அடியில் வந்துவிடுவது அதன் அறிகுறி. செடியைச் சாய்த்து உருவி, வேர் உருண்டையின் வெளிப்பக்கம் மூன்று விரல் கனத்துக்குச் சீவிவிட்டு, புது மண் நிரப்பி அதே தொட்டியில் வைக்கலாம். அன்றே மேல்கிளைகளிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் குறைந்த வேர் அத்தனை இலைக்கும் நீர் கொடுக்க முடியாமல் செடி வாடும். தெரஸ் வீட்டுக்காரர்கள் "தொட்டி எதற்கு, தரையில் வைத்துவிடலாமே" என்பார்கள். தரையில் அது கூரையைத் தொடும் மரமாகும், சுற்றிலும் வேர்க் கன்று விடும், கால்வாய் ஓரமென்றால் சிமெண்டு விரிசலிலும் முளைக்கும். தொட்டியிலேயே இருக்கட்டும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. கோயில், பள்ளி, குடியிருப்புச் சங்க நிகழ்ச்சிகளில் இலவசமாக நாற்று கொடுப்பவர்கள் ஆளுக்கு ஐந்து வகை கொடுக்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் ஐந்தும் பையிலேயே காய்கின்றன. அதே செலவில் ஆளுக்கு ஒரு கறிவேப்பிலை நாற்றும், கலந்து ஆறவைத்த மண் ஒரு பையும், பத்து அங்குலத் தொட்டி ஒன்றும் கொடுங்கள். நாற்று விற்பவர்கள் அட்டையில் மூன்று செய்தி எழுதினால் போதும்: காம்பு சிவப்பா பச்சையா, விதைக் கன்றா வேர்க் கன்றா, பையில் நட்ட மாதம் எது. எழுதச் சில நொடிகள்தான் ஆகும். வாங்குகிறவர் பத்தாண்டு பறிக்கப் போகும் செடி அது.

இங்ஙனம்,
நாற்றுப் பண்ணைத் தொழிலாளர்கள் இருவர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.